82க்கு மூன்று குறைவு: ஆசிரியர் தகுதித் தேர்வும் நம் வீட்டுப் பெண்களும்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் அறையில் உட்கார்ந்திருந்தோம். மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பி.ஏ. வரலாறு, பி.எட். முடித்தவர். இரண்டு குழந்தைகள்.

"ஹஜ்ரத், ரெண்டு தடவை டெட் எழுதிட்டா. ரெண்டு தடவையும் போச்சு. 2025 நவம்பர்ல வந்ததுக்குக் கைக்குழந்தைன்னு அப்ளை பண்ணவே இல்ல. மாப்பிள்ளை வீட்ல இதோட விட்டுடச் சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, கேட்டுக்கறோம்."

எந்தப் பக்கம் வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நாம் மகளிடம் கேட்டோம், "எத்தனை மார்க் வந்ததும்மா?"

"போன தடவை கம்ப்யூட்டர்ல எழுதினதுல 79, ஹஜ்ரத். 82 வேணும்."

மூன்று மதிப்பெண். விடைக்குறிப்பை வைத்து அவரே பகுதி பகுதியாகக் கணக்குப் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 14, தமிழ் 21, ஆங்கிலம் 11, சமூக அறிவியல் 33. அந்த நான்கு எண்களையும் பார்த்ததும் இது விட்டுவிட வேண்டிய விஷயமே இல்லை என்று நமக்குப் பட்டது. இந்தக் கட்டுரையும் அந்த நோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. நம் வீடுகளில் பி.எட். படித்துவிட்டு, சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு இருக்கும் பெண்கள் பலர். அவர்களுக்கும், அவர்களைவிட முக்கியமாக அவர்களின் அத்தா, கணவர், மாமியாருக்கும் இதை எழுதுகிறோம்.

இந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி என்ன என்பதை வரையறுக்கும் பொறுப்பு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்திடம் போனது. அந்தக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறவர் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டில் 2011 நவம்பரில் இதற்கான அரசாணை வந்தது. தேர்வை நடத்தும் பொறுப்பு ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு, அதாவது டி.ஆர்.பி.க்குக் கொடுக்கப்பட்டது.

முதல் தேர்வு 2012 ஜூலை 12 அன்று நடந்தது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. டெட் என்றால் மலை என்ற பயம் அன்று நம் வீடுகளில் புகுந்தது, இன்னும் போகவில்லை. அன்று நடந்ததில் ஒரு விவரம் பலருக்கு மறந்துவிட்டது. அந்தத் தேர்வுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி நேரம்தான். 150 கேள்விகள், 90 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு 36 விநாடி. அந்த 36 விநாடியில் கேள்வியை நிதானமாகப் படிப்பதே கஷ்டம். அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று மறுதேர்வு வைத்தபோது மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். சுமார் 19 ஆயிரம் பேர் தேறினார்கள். இன்றும் மூன்று மணி நேரம்தான். ஒரு கேள்விக்கு 72 விநாடி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. ஆகவே 2012 ஜூலையை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இப்போது நடைமுறையில் இல்லாத ஒரு தேர்வை நினைத்துப் பயப்படுகிறார்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தத் தேர்வை நடத்த வேண்டும் என்பது தேசியக் குழுமத்தின் வழிகாட்டுதல். இங்கே 2013க்குப் பிறகு 2017இல் நடந்தது. பிறகு 2019. அடுத்து 2022க்கான தேர்வு. அதன் இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியில்தான் நடந்து முடிந்தது. பிறகு 2025 நவம்பர் 15, 16. ஒரு தேர்வை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத நிலை. அறிவிப்பு வந்த பிறகு படிக்க உட்காருகிறவருக்கு இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். பால் குடிக்கும் குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு அந்த மூன்று மாதம் உண்மையில் ஒரு மாதம்தான்.

ஒருமுறை தேறிவிட்டால் போதும் என்பது நல்ல செய்தி. முன்பு சான்றிதழ் ஏழு ஆண்டுக்குத்தான் செல்லும். 2021 ஜூனில் மத்திய அரசு அதை ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றியது. 2011 முதல் தேறியவர்களுக்கும் அது பொருந்தும். இன்று தேறிவிட்டு, பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்குப் போன பிறகு வேலைக்கு முயற்சி செய்யலாம். "இப்போது வேலைக்குப் போகப் போவதில்லையே, எதற்கு எழுத வேண்டும்?" என்று கேட்கும் மாமியார்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

"நமக்கு விலக்கு இருக்கிறது" என்பவர்களுக்கு

அந்தப் பெண் திருமணத்துக்கு முன் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தார். நடத்துகிறவர்கள் நம்மவர்கள்தான். டெட் எழுத விடுப்பு கேட்டபோது, "நாம மைனாரிட்டி ஸ்கூல், நமக்கு டெட் கிடையாது, எதுக்கும்மா?" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்தப் பேச்சு பல ஊர்களில் கேட்கிறது. பாதி உண்மை இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிரமாத்தி அறக்கட்டளை வழக்கில், கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. உதவி பெறும் பள்ளி, பெறாத பள்ளி இரண்டுக்கும் சேர்த்துத்தான். விலக்கு என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

2025 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்பு நிலைமையை மாற்றியது. அந்த வழக்கின் பெயரே 'அஞ்சுமன் இஷாஅத்தே தஃலீம் டிரஸ்ட் எதிர் மகாராஷ்டிர அரசு'. தமிழ்நாட்டு ஆசிரியர்களின் வழக்குகளும் அதோடு சேர்த்தே விசாரிக்கப்பட்டன. நீதிபதிகள் தீபங்கர் தத்தா, மன்மோகன் ஆகியோர் சொன்னதன் சாரம் இது. சட்டம் வருவதற்கு முன் பணியில் சேர்ந்தவர்களானாலும், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அந்தக் கெடு 2027 செப்டம்பரில் முடிகிறது. தேறாதவர் பணியில் தொடர முடியாது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் தேர்வு இல்லாமல் தொடரலாம். பதவி உயர்வு மட்டும் கேட்க முடியாது.

சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றி அந்த அமர்வு முடிவு சொல்லவில்லை. ஆனால் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை வெளிப்படையாக எழுப்பி, பெரிய அமர்வு ஒன்று இதைப் பார்க்க வேண்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பி வைத்தது. அந்தக் கேள்விக்குப் பதில் வரும் வரை இரண்டு ஆண்டுக் கெடு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இல்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? விலக்கு பெரிய அமர்விலும் நிலைக்கலாம், போகவும் செய்யலாம். அரசியல் சாசனத்தின் 30ஆவது பிரிவு கொடுத்த உரிமையை நிறுவனங்கள் நீதிமன்றத்தில் காக்கட்டும். அது காக்கப்பட வேண்டிய உரிமைதான். ஆனால் அந்த உரிமை நிறுவனத்துக்கு உள்ளது. அங்கே வேலை பார்க்கும் பெண்ணின் கையில் இருக்கப் போவது தகுதிச் சான்றிதழ் மட்டும்தான். பள்ளி மாறினாலோ, கல்யாணமாகி வேறு ஊர் போனாலோ, அரசு வேலைக்கு விண்ணப்பித்தாலோ விலக்கு அவர் கூட வராது. நம்மவர்கள் நடத்துகிறார்கள் என்பதாலேயே ஒரு பள்ளிக்கு அரசு ஆவணத்தில் சிறுபான்மை அந்தஸ்து இருக்கும் என்று நினைத்துவிடவும் கூடாது. வேலைக்குச் சேரும் முன் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தவறில்லை.

பணியில் இருக்கும் அரசு, உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கென்று 2026இல் சிறப்புத் தகுதித் தேர்வுகளை நடத்துவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நம் சமுதாயத்தில் நாற்பது, ஐம்பது வயதில் பணியில் இருக்கும் சகோதர சகோதரிகள் தயங்காமல் எழுதுங்கள். பிள்ளைகளின் முன்னால் பாடப்புத்தகத்தைத் திறந்து உட்கார வெட்கமாக இருக்கிறது என்று ஒரு சகோதரர் நம்மிடம் சொன்னார். நாமே முப்பது வயதுக்கு மேல், மத்ரஸாவில் ஓதிக் கொடுத்துக்கொண்டே, தொலைதூரக் கல்வியில் பட்டப்படிப்பு எழுதினோம். தேர்வு அறையில் பக்கத்துப் பெஞ்சில் நம் மாணவர் ஒருவரும் இருந்தார். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மக்தப், மத்ரஸாக்களில் ஓதிக் கொடுப்பவர்கள் பதற வேண்டியதில்லை. முதன்மையாக மார்க்கக் கல்வி தரும் நிறுவனங்களுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே எழுதிவிட்டார்கள். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ஆலிமா ஸனது மட்டும் வைத்து அரசுப் பள்ளியில் ஆசிரியர் ஆக முடியாது. ஆலிமா படிக்கும் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பும் கூடவே எழுத வையுங்கள். பிறகு வழி திறந்திருக்கும்.

எந்தத் தாள்?

முதல் தாள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்துகிறவர்களுக்கு. பன்னிரண்டாம் வகுப்போடு தொடக்கக் கல்விப் பட்டயம் இரண்டு ஆண்டு படித்திருக்க வேண்டும். இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை, பட்டமும் பி.எட்.டும் வேண்டும். பி.எட். படித்தவர் தொடக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று 2018இல் தேசியக் குழுமம் ஒரு வழி திறந்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை அடைத்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு நடத்துவது தனிப் பயிற்சி வேண்டிய வேலை என்பது அந்தத் தீர்ப்பின் காரணம். நமக்கு அது நியாயமாகவே படுகிறது. அலிஃப், பா சொல்லிக் கொடுப்பதுதான் கஷ்டம் என்பது எந்த உஸ்தாதுக்கும் தெரியும்.

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், எல்லோரும் 'டயட்' என்று சொல்வது, நம் ஊரில்தான் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டத்துக்கு ஒன்று என்று உருவாக்கப்பட்டவை இவை. மாவட்டம் முழுவதிலிருந்தும் பஸ் ஏறி ஆசிரியர்கள் இங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். நம் மஹல்லாப் பிள்ளைகளோ அதன் வாசலைக் கடந்து டியூஷனுக்குப் போகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணை வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்ப மனமில்லாத பெற்றோர், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இந்த நிறுவனத்தில் பட்டயப் படிப்புச் சேர்க்கை எப்போது என்று ஒருமுறை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

அந்த நோட்டில் இருந்த கணக்கு

இப்போது அந்தப் பெண்ணின் நோட்டுக்கு வருவோம். இரண்டாம் தாளில் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, முதல் மொழி 30, ஆங்கிலம் 30. மிச்சம் 60 கணக்கு–அறிவியல் அல்லது சமூக அறிவியல். முதல் தாளில் கடைசி 60, கணக்கு 30, சூழ்நிலையியல் 30 என்று பிரியும். பொதுப் பிரிவினருக்கு 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண் வேண்டும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் உள்ளிட்ட பிரிவினருக்கு 55 சதவீதம் போதும் என்று 2014இல் அரசு சலுகை தந்தது. அந்த 82 இப்படி வந்ததுதான். இந்தச் சலுகை அரசு மாற்றக்கூடிய ஒன்று. ஒவ்வொரு முறையும் புதிய அறிவிப்பில் உள்ள மதிப்பெண்ணையே பாருங்கள்; பழைய வாட்ஸ்அப் செய்தியை நம்ப வேண்டாம்.

அவர் எதைப் படித்தார் என்று கேட்டோம். பெரும்பாலும் வரலாறுதான். தனக்குப் பிடித்த பாடம், தெரிந்த பாடம். முகலாயர், மராட்டியர் என்று திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். 60க்கு 33 எடுத்திருக்கிறார். அதில் இன்னும் ஐந்து மதிப்பெண் ஏற்ற வேண்டுமானால் புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாம் சேர்த்துப் பெரிய பரப்பைப் படிக்க வேண்டும். ஆனால் குழந்தை மேம்பாட்டில் 14தான். ஆங்கிலத்தில் 11. இந்த இரண்டும் பரப்பில் சிறியவை. இங்கே ஆளுக்கு ஐந்து ஏற்றினாலே 89 வந்துவிடும்.

இன்னொரு விதமாகப் பாருங்கள். முதல் மூன்று பகுதிகளும் சேர்ந்து 90. அதில் ஒருவர் 66 எடுத்தால், 82க்கு மீதம் 16தான் வேண்டும், அதுவும் 60இல். இத்தனை ஆண்டு நம் பிள்ளைகள் தோற்றது பெரும்பாலும் பட்டப்படிப்புப் பாடத்தில் இல்லை. பட்டப்படிப்பு படித்தோம் என்ற நம்பிக்கையில் மற்றதைத் தொடாமல் விட்டதில்தான் என்பது நம் கணிப்பு.

குழந்தை மேம்பாடு என்றதும் பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பெர்க் என்று வெளிநாட்டுப் பெயர்களைப் பார்த்து மிரள்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் நாம் சொன்னது இதுதான். உங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறது. ஒரே அளவு நோன்புக் கஞ்சியை ஒரு அகலக் கிண்ணத்திலும் ஓர் உயரமான டம்ளரிலும் அதன் கண் முன்னாலேயே ஊற்றுங்கள். எதில் அதிகம் என்று கேளுங்கள். டம்ளரில்தான் அதிகம் என்று சொல்லி அதற்கே அடம் பிடிக்கும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிடும். இரண்டு முதல் ஏழு வயது வரை ஒரு நிலை, ஏழு முதல் பதினொன்று வரை அடுத்த நிலை என்று பியாஜே பிரித்தது இதைப் பார்த்துத்தான். அதற்கு முன் புலன்களால் மட்டும் உலகை அறியும் நிலை ஒன்று, பதினொன்றுக்குப் பின் கண்ணில் படாததையும் யோசிக்கும் நிலை ஒன்று. மொத்தம் நான்கு. தனியாக ஷூ லேஸ் கட்டத் தெரியாத பிள்ளை, நீங்கள் முதல் முடிச்சைப் போட்டுக் காட்டினால் மிச்சத்தைத் தானே கட்டிவிடுகிறதே, அந்த இடைவெளியைத்தான் வைகாட்ஸ்கி பேசினார். பிள்ளை வளர்க்கும் தாய்க்கு இந்த முப்பது கேள்விகளில் பாதி வீட்டிலேயே நடக்கிறது. பெயரை மட்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பாடங்களுக்குப் புத்தகக் கடையில் கிடைக்கும் தடித்த வழிகாட்டிகளைத் தேடி ஓட வேண்டாம். அரசுப் பாடநூல்தான் அடிப்படை. முதல் தாளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பாடம், ஆழம் பத்தாம் வகுப்பு வரை போகலாம். இரண்டாம் தாளுக்கு ஆறு முதல் எட்டு வரை, ஆழம் பன்னிரண்டு வரை. 2018–19இலும் அடுத்த ஆண்டிலும் பாடநூல்கள் மாறிவிட்டன. அக்காள் படித்த பழைய சமச்சீர்ப் புத்தகம் வீட்டில் இருக்கிறது என்று அதிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். புதிய நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இரவல் வாங்கினாலும் சரி.

கணக்கில் தனிவட்டி, கூட்டுவட்டி வருகிறது. "வட்டியைப் படிக்கலாமா ஹஜ்ரத்?" என்று ஒரு பிள்ளை உண்மையிலேயே நம்மிடம் கேட்டது. கணக்கைப் படிப்பது வேறு, வட்டி வாங்குவது வேறு. கணக்குத் தெரியாதவர்தான் வட்டிக்காரனிடம் முதலில் மாட்டுகிறார். தாராளமாகப் படியுங்கள்.

எப்படிப் படிப்பது என்பதற்கு நம் ஹிஃப்ழ் மத்ரஸாவைவிட நல்ல முறை நமக்குத் தெரியவில்லை. புதுப் பாடம் கொடுப்பதற்கு முன் நேற்றைய பாடத்தை ஒப்புவிக்க வேண்டும். அதற்கு மேல் பழைய ஜுஸ்உகளில் ஒரு பங்கை தினமும் ஓதிக் காட்ட வேண்டும். புதியது கொஞ்சம், பழையது நிறைய. பத்து வயதுப் பிள்ளை ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆயத்துகளை நெஞ்சில் வைத்திருப்பது இந்த முறையால்தான். டெட் படிக்கிறவர்களோ புதிதாகப் படித்துக்கொண்டே போகிறார்கள், திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால், அதில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பழைய பாடத்துக்கே கொடுங்கள். முந்தைய ஆண்டுக் கேள்வித்தாள்களைக் கடிகாரத்தை முன்னால் வைத்து எழுதிப் பாருங்கள். ஒப்புவிக்க ஓர் ஆள் வேண்டும். கணவர் கேட்கலாம், தங்கை கேட்கலாம். பதில் சரியா என்று பார்க்கப் புத்தகம் கையில் இருந்தால் போதும்.

உருது பேசும் குடும்பங்களுக்கு

நம் பகுதியில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். முதல் மொழியாகத் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது இவற்றில் ஒன்றை எடுக்கலாம். எந்த மொழியில் படித்தவர் எதை எடுக்கலாம் என்ற நிபந்தனையை அறிவிப்பில் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். விண்ணப்பத்தில் ஒருமுறை தவறாகக் குறித்தால் அதோடு போயிற்று.

அடுத்த கட்டம் தெரியாமல் இருப்பவர்களும் உண்டு. டெட் தேறினால் வேலை உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். 2018 ஜூலையில் வந்த அரசாணைப்படி, டெட் தேறியவர்கள் நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். பட்டதாரி ஆசிரியர்களுக்கு 2024 பிப்ரவரி 4 அன்றும், இடைநிலை ஆசிரியர்களுக்கு 2024 ஜூலை 21 அன்றும் அப்படி நடந்தது. அதில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் ஒன்று உண்டு. 50க்கு 20 எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். டெட்டில் உருது எடுத்துத் தேறிய பெண் இங்கே வந்து நிற்கக் கூடாது. உருதை விடச் சொல்லவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இன்றே எடுத்து வையுங்கள்.

கூடவே காகிதங்களையும் எடுத்துப் பாருங்கள். நம் பெண்களின் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பேகம் என்றும், ஆதாரில் பானு என்றும், பி.எட். சான்றிதழில் இரண்டும் இல்லாமலும் இருக்கும். கல்யாணத்துக்குப் பின் ஆதாரில் கணவர் பெயர் ஏறியிருக்கும். சாதிச் சான்றிதழ் தந்தையின் பெயரில் இருக்க வேண்டும். 2007இல் முஸ்லிம்களுக்கு வந்த 3.5 சதவீத உள் ஒதுக்கீடு பட்டியலில் உள்ள ஏழு பிரிவினருக்கானது. லெப்பை என்ற பிரிவில் ராவுத்தரும் மரைக்காயரும் அடங்குவர். தக்னி முஸ்லிம், ஷேக், சையத், அன்சார், மாப்பிள்ளை, துதேகுலா ஆகியவை மற்றவை. உங்கள் சான்றிதழில் 'பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்' என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளில் சான்று வாங்க வேண்டும். மூன்று ஊரில் படித்திருந்தால் மூன்று ஊருக்கும் அலைய வேண்டும். இந்த அலைச்சலை அத்தாவோ அண்ணனோ ஏற்றுக்கொள்ளலாம். அவர் படிக்கட்டும்.

வீட்டில் ஒரு மணி நேரம்

அந்தப் பெண்ணிடம் நாம் கடைசியாகக் கேட்டது, "எப்பம்மா படிப்பே?" என்பதுதான்.

"ராத்திரி பத்து மணிக்கு மேல, ஹஜ்ரத். பிள்ளைங்க தூங்கின பிறகு."

காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, துவைத்து, பிள்ளைகளை ஓதக் கூட்டிப்போய், மறுபடி சமைத்து, பத்து மணிக்கு மேல் புத்தகம். அப்படிப் படித்து 79 எடுத்திருக்கிறார். நாம் அவருடைய அத்தாவைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார்.

பெண்கள் வெளியே போய்க் கற்றுக் கொடுக்கலாமா என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். அன்னை ஆயிஷா அவர்களிடம் ஆண்களும் பெண்களுமாக எத்தனை பேர் ஹதீஸ் கேட்டுக் கற்றார்கள் என்பதை மத்ரஸாவில் முதலாண்டு மாணவரும் அறிவார். அதை இங்கே நீட்டவில்லை. மார்க்கத்தில் தடை தேடுகிற வீடுகளைவிட, தடையே சொல்லாமல் நேரமும் கொடுக்காத வீடுகள்தான் அதிகம். "படிக்க வேண்டாம்னு யார் சொன்னா?" என்று கேட்பார்கள். யாரும் சொல்லவில்லைதான். ஆனால் மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் விருந்தாளி வந்தால் டீ போடப் போவது யார்?

அந்த வாரமே அவருடைய கணவரையும் மாமனாரையும் தனியாகப் பார்த்துப் பேசினோம். கணவர் ரெடிமேட் துணி வியாபாரம், காலை பத்து மணிக்கு மேல்தான் கடை. ஃபஜ்ருக்குப் பிறகு ஏழு மணி வரை பிள்ளைகள் அவர் பொறுப்பு என்று முடிவானது. அந்த நேரத்தில் அவர் சமையல்கட்டுக்குள் வரக் கூடாது, நாஷ்டா ஏழரைக்குத்தான் என்று மாமியார் தாமாகவே சொன்னார். நாம் எதிர்பார்க்கவில்லை. தன்னை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்பதை அந்த அம்மா அன்றுதான் நம்மிடம் சொன்னார். மாலையில் அசலாத் தெருவில் இதே தேர்வுக்குப் படிக்கும் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். இப்போது பியாஜேயின் நான்கு நிலைகளையும் பேரனை வைத்து மாமியாரே சொல்கிறார் என்று கேள்விப்பட்டோம். பெயர் மட்டும் வாயில் வரவில்லையாம்.

தேர்வு நாளைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிருந்து எழுதுகிறவர்களுக்குத் திருவண்ணாமலையில் மையம் விழ வாய்ப்பு அதிகம். இருபது கிலோமீட்டர்தானே என்று இருந்துவிடாதீர்கள். பௌர்ணமி கிரிவலத்தை ஒட்டிய நாளாக இருந்தால் பஸ் எங்கே நிற்கும், எந்தத் தெருவை அடைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கார்த்திகை தீப வாரமென்றால் இன்னும் கஷ்டம். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் முந்தின நாளே உறவினர் வீட்டில் போய்த் தங்குங்கள். காலைத் தேர்வு ஒரு மணிக்கு முடிந்தால் வந்து லுஹர் தொழ நேரம் தாராளமாக இருக்கும். அதைப் பற்றிய பதற்றம் வேண்டாம். தலையில் முக்காடு குத்தும் பின்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், வாசலில் சோதனையில் நேரம் போகும். கைக்குழந்தை இருந்தால் மையத்துக்கு வெளியே மூன்று மணி நேரம் யார் வைத்திருப்பது, பால் எப்படி என்பதை முன்னதாகவே பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பெண்ணின் வீட்டில் அதுவும் முடிவாகிவிட்டது. மாமனார் வருகிறாராம், சைக்கிள் காரியரில் கட்டும் பாயோடு.